ஈப்போவுக்குப் போகாத டிரைவர்

சென்னிமலையைப் போல மரியாதையான டிரைவரை நான் பார்த்ததில்லை. சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் வழியாகக் கரூர் போகும் அரசுப் பேருந்தில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். ரோட்டின் குறுக்கே நிற்கும் எருமையிடம்கூட "சித்த நவுருங்க சாமி" என்பார். வழி விடாத லாரிக்காரனை நான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு நாலு வார்த்தை கேட்டால், "உடுங்க கண்டக்டரே, அவருக்கு என்ன அவசரமோ" என்று எனக்கே புத்தி சொல்வார். வண்டிக்கு வேண்டிய மரியாதை எல்லாம் அவர் பொறுப்பு, வசவு எல்லாம் என் பொறுப்பு. கோவிந்தராஜுலு வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்று டெப்போவில் எனக்குப் பேர்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர் என்று சென்னிமலையை ஊரே புகழும். எனக்கு அந்தப் புகழ்ச்சியில் பாதிதான் சம்மதம். ஒருவர் வாயை மூடிக்கொண்டே இருந்தால், அந்த மௌனத்துக்கு வேறு யாராவது விலை கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர் விஷயத்தில் அது அவருடைய ஒரே தங்கை ராசாத்தாள்.

அந்தக் கதைக்கு வருமுன் அவர் முதுகில் ஏறிய மூட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரிட்டையர் ஆனதற்கு அடுத்த வருடம் அவர் சம்சாரம் போய்ச் சேர்ந்தது. மகள் நந்திதா கல்யாணமாகி பெங்களூரில். மகன் மனோஜ்குமார் திருப்பூரில் வேலை. வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர் ஒருநாள் என்னிடம் வந்து, "கண்டக்டரே, காலம் பூரா ஒரே ரோட்டுல ஓட்டிப்போட்டேன். இனி எவனோ ஓட்டட்டும், நான் ஜன்னலோரமா உக்காந்துட்டுப் போறனுங்க" என்றார். பழனிக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, கடைசியாக மலேசியா. மகன் ஒரு நீல நிற முதுகுப்பை வாங்கிக் கொடுத்தான். அறுபது வயதுக்காரர் முதுகில் பையோடு பஸ் ஏறுவதைப் பார்த்த காங்கேயத்துக்காரர்கள், "காசிக்குங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் அவர்கள் மனம் கோணுமே என்று "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். ஊரைப் பொறுத்தவரை மனிதர் ஆறு மாதம் காசியில் இருந்தார்.

எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் குரல் வந்துகொண்டே இருக்கும். வியட்நாமில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டுமாம், "கோயிலாட்டவே இருக்குதுங்க." லாவோஸில் ஒரு டிரைவர் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குக் காய் வாங்கப் போனாராம். பயணிகள் யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த பொறாமையை நான் கவனித்தேன். பாதி ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுகொண்டு, பத்துப் பேர் படுக்கும் அறையில் பேரப்பிள்ளை வயதுப் பையன்களோடு படுத்துக்கொண்டு, மனிதர் சந்தோஷமாக இருந்தார். எனக்கும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் கடைசியாகப் போக வேண்டிய ஊர் எது என்று எனக்குத் தெரியும். மலேசியாவில் ஈப்போ. ராசாத்தாள் கட்டிக்கொண்டு போன ஊர்.

எட்டு வருடத்துக்கு முன் நந்திதாவின் கல்யாணம் காங்கேயத்தில் நடந்தது. அத்தைக்காரி ராசாத்தாள் ஈப்போவிலிருந்து ஆசை ஆசையாக வந்தாள். மேடையேறி சீர்த்தட்டில் கை வைக்கப் போனாள். சீர்களை நடத்தி வைக்கும் பெரியவரை அவர்கள் சாதிசனத்தில் அருமைக்காரர் என்பார்கள். அவர் கையை நீட்டித் தடுத்து, "புள்ளைக்கு எழுதிங்கள் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

எழுதிங்கள் என்பது கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் முன்நின்று செய்யும் ஒரு சீர். அது ஆகாதவள் கல்யாணத்தில் சீர்த்தட்டைத் தொடக் கூடாது என்பது அவர்களுடைய பழைய கட்டு. ராசாத்தாளுக்கு அது ஆகவில்லை. கல்யாணமான கையோடு கடல் தாண்டிப் போனவள். அவள் ஊருக்கு வந்தபோது அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, அண்ணனுக்கு லீவு கிடைத்தபோது அவள் வரவில்லை. அப்படியே தள்ளிப்போய் நின்றுவிட்டது. செய்ய வேண்டியவர் சென்னிமலை, செய்யாததற்குத் தண்டனை தங்கைக்கு. இது எந்த ஊர் நியாயம்? நான் கேட்டிருப்பேன், ஆனால் நான் அவர்கள் உறவுமுறை இல்லை. நாயுடு வீட்டுக்காரன், விருந்துக்கு வந்தவன். கேட்டிருக்க வேண்டிய அண்ணன் மேடையிலேயே நின்றிருந்தார். பெரியவரைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு, "சித்த தள்ளி நில்லு அம்மணி" என்றார்.

அவள் தள்ளி நிற்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவும் இல்லை, அண்ணன் போனை எடுக்கவும் இல்லை. அண்ணி இறந்த செய்திக்குக்கூட அவள் வீட்டுக்காரர் மட்டும்தான் பேசினார்.

சென்னிமலை கம்போடியாவில் இருக்கும்போது மனோஜுக்குப் பெண் அமைந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். உடன்பிறந்தவளை நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். போனில் அழைத்தால் அது அழைப்பில்லை, அதிலும் எடுக்காத போனில் எப்படி அழைப்பது? "தங்கச்சி வராம இந்தக் கண்ணாலத்தை என்னால நடத்த முடியாதுங்க" என்று அவர் அனுப்பிய குரலில் அழுகை இருந்தது. நேரே ஈப்போ போவார் என்று நினைத்தேன்.

போகவில்லை. பினாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்தது கேமரன் மலையிலிருந்து, தேயிலைத் தோட்டம் வால்பாறையாட்டவே இருக்கிறதென்று. அப்புறம் ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான தைப்பிங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏரி நன்றாக இருக்கிறதாம், மழை பெய்கிறதாம், விடுதிக்காரர் நல்லவராம். ஈப்போவைச் சுற்றி ஒரு ஊர் பாக்கியில்லை. மலேசியாவில் தங்க அவருக்கு அனுமதி இருந்ததே முப்பது நாள், அதில் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது.

"டிரைவரே, ஈப்போ எப்பங்க?" என்று கேட்டேன்.

"போகோணுங்க. நாளைக்குப் பாக்கறனுங்க."

நாலு நாள் இதையே சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் கிளம்பினால்தான் இந்த வண்டி நகரும் என்று புரிந்தது. திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, பஸ் பிடித்துத் தைப்பிங் போய்ச் சேர்ந்தேன். மனிதர் கறுத்து இளைத்துப் போயிருந்தார். என்னைக் கண்டதும், "சாப்டீங்களா?" என்று கேட்டார். "அதை ஈப்போவுல கேட்டுக்கலாம், பையை எடுங்க" என்றேன். மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். அதட்டினால் கேட்கிற மனிதர், அதுதானே அவருடைய கோளாறே.

ஈப்போவில் ராசாத்தாளின் வீட்டு வாசல் கம்பிக்கதவைத் தட்டியபோது மத்தியானம். அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "வாங்கண்ணா! கோயமுத்தூர்ல மழைங்களா? ஊட்ல அக்கா சௌக்கியமுங்களா?" என்றாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. கதவை மட்டும் அகலத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வரச் சொன்னதாக எடுத்துக்கொள்வதா கூடாதா என்று தெரியாமல் அவர் முழித்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போயிருந்தார். மேஜையில் இரண்டு தட்டு வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, மேலே நெய். ஊரை விட்டு முப்பது வருடம் ஆகியும் ஊர்க் கைப்பக்குவம் மாறவில்லை.

"எங்கூட்ல ஒறம்பரைக்குச் சோறு போடாம அனுப்பற வழக்கம் இல்லீங்கண்ணா" என்று என்னிடம் சொன்னாள். "அவரையும் உக்காரச் சொல்லுங்க."

ஒரு கை தூரத்தில் நின்ற மனிதரிடம் திரும்பி, "உக்காரச் சொல்றாங்க டிரைவரே" என்றேன்.

அவர் உட்காரவில்லை. நீலப் பையைத் திறந்தார். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, அதற்கடியில் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி ஒரு பட்டுப்புடவை. ஆறு மாதம், அத்தனை நாட்டு மழையிலும் அதை நனையாமல் சுமந்திருக்கிறார், எனக்கே சொல்லவில்லை. இரண்டு கையாலும் நீட்டினார்.

"அம்மணி, எழுதிங்கச் சீரை இப்பவாச்சும் செஞ்சுபோடறன். என்னென்ன வேணுமோ எல்லாம் செய்யறன். தைக்கு மனோஜுக்குக் கண்ணாலம். நீ வரோணும்."

ராசாத்தாள் புடவையைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பி வெடித்தாள். "கேளுங்கண்ணா இவரை! நான் சீரையா கேட்டேன்? முப்பது வருசமா சீரில்லாம நான் வாழலைங்களா? அன்னைக்கு அத்தன பேர் முன்னால அந்தப் பெரியவர் கேட்டப்ப, 'எந்தங்கச்சி தொடட்டுமுங்க'ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயில்லாம, பொடவையத் தூக்கிட்டு வந்திருக்கறாருங்க."

இதை என்னவென்று நான் அவரிடம் திருப்பிச் சொல்வது? அவர் புடவையை மேஜை மேல் வைத்தார். பையிலிருந்து போனை எடுத்தார். யாருக்கோ போட்டு, ஸ்பீக்கரை அழுத்தித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். காங்கேயத்திலிருந்து அருமைக்காரரின் குரல் கரகரவென்று வந்தது.

"ஏனப்பா சென்னிமலை, காசியில இருந்து வந்துட்டியா?"

"இல்லீங்க சாமி. ஈப்போவுல இருக்கறனுங்க, எந்தங்கச்சி ஊட்ல." அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. "மனோஜ் கண்ணாலத்துல சீர்த்தட்டு எந்தங்கச்சிதானுங்க எடுக்கோணும். அவளுக்கு எழுதிங்கள் ஆகலீங்க. செய்யாம உட்டது நானுங்க, அவ இல்லீங்க. அதுக்காக மறுபடி அவளைக் கீழ எறக்கறதா இருந்தா..." நெற்றியில் வேர்த்துவிட்டது. "இருந்தா, நீங்க கண்ணாலத்துக்கு வர வேண்டாமுங்க."

கொங்கு நாட்டில் ஒரு பெரியவரைக் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. அதையும் ஒரு 'ங்க' போட்டுச் சொன்ன ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல்.

"யாரப்பா எறக்கி உட்டது?"

"நீங்கதானுங்க. நந்திதா கண்ணாலத்துல."

"நானா? எனக்கு ஒண்ணும் நெனப்பில்லியே. இப்ப யாரப்பா அதையெல்லாம் பாக்கறாங்க? எம் பேத்திக்கே இன்னும் செய்யலை. புள்ளை வந்து எடுக்கட்டும் போ. ஆமா, மண்டபம் எங்க புடிச்சிருக்கறே?"

சென்னிமலை மண்டபத்தின் பேரைச் சொல்லி, கும்பிட்டு, போனை வைத்தார். எட்டு வருடம் அண்ணனையும் தங்கையையும் பிரித்துப்போட்ட வார்த்தை, சொன்னவருக்கு ஞாபகம்கூட இல்லை. ராசாத்தாள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது போதாது என்று அவள் முகத்தில் தெரிந்தது. அவள் என்னிடம் திரும்பவில்லை. நேராக அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"அவருக்கு நெனப்பில்லீங்களாமா. உங்களுக்கு?"

"இருக்குது அம்மணி. பச்சைச் சீலை கட்டியிருந்தே. முந்தானையக் கையில சுருட்டிப் புடிச்சுட்டு எறங்குனே. திரும்பிப் பாப்பேன்னு நின்னேன், நீ பாக்கலை."

"பாத்திருந்தா அழுதிருப்பனுங்கண்ணா" என்றாள். "நம்மூட்டுக் கண்ணாலத்துல நானே அழுகக் கூடாதுன்னுதான் பாக்காமப் போனேன்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ராசாத்தாள் அழுதுகொண்டே அவர் தட்டை எடுத்துப் போய், ஆறிப்போன சோற்றை மாற்றிச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்து, நெய்யை இன்னொரு கரண்டி ஊற்றி, "சாப்புடுங்கண்ணா, எப்படி எளச்சுட்டீங்க" என்றாள். என் தட்டிலும் சோறு ஆறித்தான் போயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.