பாட்டே இல்லாத கேசட்

என் அப்பாவை, அவர் உயிரோடு இருக்கும்போதே, ஒருமுறை நான் சாகடித்துவிட்டேன். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அத்தை ஒப்பாரியில் முதல் அடியை முடித்து இரண்டாவதற்கு மூச்சு இழுத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு கேசட். பயம் வந்தால் என் தொண்டை எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். இன்றைக்கும் அப்படித்தான். லிஃப்ட் ஒரு மாடியில் கொஞ்சம் தயங்கினால் போதும், உள்ளே இருப்பவர்கள் எனக்காகத் தண்ணீர் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அன்றைக்குப் பயந்ததில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதற்குச் சித்தப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே லாரியில் ஓடினார்கள். ஒருவர் ஓட்டினால் மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் தூங்குவார். லாரியில் தூங்குவது தனி வித்தை. ஹாரன் அடித்தாலும், வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் விழிப்பு வராது. இன்ஜின் நின்றால் மட்டும் பட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தத் தடவை பெங்களூரிலிருந்து சேலத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தருமபுரி வரை அப்பா ஓட்டினார். அங்கே டீ குடித்துவிட்டு, ஸ்டீயரிங்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் படுத்தார். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு இடது கை முறிந்தது. சித்தப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் வீட்டில் தம்பி மனைவிக்குக் கணவனின் அண்ணன் மாமா முறை; அவருக்கு எதிரே வந்து நிற்கமாட்டாள். நேராகப் பேசவும் மாட்டாள். சித்தி எதையும் என் வழியாகத்தான் சொல்லுவார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சோறு ஆறுதுன்னு அப்பாகிட்ட சொல்லு சாமி" என்பார். அப்பா கதவைப் பார்க்காமலே, "வர்றேன்னு சொல்லுடா" என்பார். நடுவில் நான் நின்று, இரண்டு பேரும் ஏற்கெனவே காதால் கேட்டுவிட்டதை ஒரு எழுத்து குறையாமல் திரும்பச் சொல்லுவேன். அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்ட சித்தி, சித்தப்பாவைத் தூக்கும் நேரத்தில், கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு நேராக வந்து நின்றார். அழக்கூட இல்லை. "நீங்க தூங்கிட்டீங்களே மாமா" என்றார். என்னை நடுவில் வைக்காமல் அவர் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அன்றோடு அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அம்மா கசகசா அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தார். பொம்மிடி டாக்டர் மாத்திரை கொடுத்தார். யாரோ மந்திரித்த கயிறு கட்டினார்கள். எதுவும் எடுபடவில்லை. முன்னறையில் கட்டிலில் படுப்பார், கண் மூடும், உடனே வலது கால் பிரேக்கைத் தேடி உதைக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். கை கூடிய பிறகும் இப்படியே மாதங்கள் போயின. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போய்விட்டது. சட்டைக்குள் ஆள் குறைந்துகொண்டே வந்தார்.

"இப்படியே போனா இந்த மனுசனும் போய்ச் சேர்ந்துருவாரு" என்று அம்மா யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டேன். கேட்டது அந்த ஒரு வரிதான். மீதியை என் பயம் பார்த்துக்கொண்டது. மத்தியான மணி அடித்ததும் மற்ற பையன்கள் சத்துணவுக்கு ஓட, நான் அப்பா இருக்கிறாரா என்று பார்த்துவர வீட்டுக்கு ஓடினேன். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அப்பாவும் கண்ணைத் திறந்தபடி என்னைப் பார்ப்பார். ஒருவரையொருவர் சோதித்துவிட்டுப் பிரிவோம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெங்களூரில் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடையில் வேலை செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார். கக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர், சட்டைப்பையில் ஒரு கேசட்.

"மச்சான், இதைக் கேளுங்க. தபேலா, வயலின் ஒண்ணும் கிடையாது. எல்லாம் மெஷினு. பெங்களூர்ல பசங்க இதைக் கேட்டுக்கிட்டு அப்படியே மயங்கிக் கிடக்கறானுங்க."

மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டேப்பை வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் உருண்டையாக ஒரு சத்தம். தும்ம், தும்ம், தும்ம். அதன்மேல் ஈர மணலைச் சலிப்பதுபோல் ஒரு கரகரப்பு. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தோம். ஆரம்பிக்கவே இல்லை. அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. கூர்ந்து கேட்டால் அதே சத்தமும் இல்லை. கரகரப்பு கொஞ்சம் தடிக்கும், கொஞ்சம் மெலியும், எங்கோ போய்விட்டதுபோல் இருக்கும், மறுபடி கிட்டே வரும்.

மாமா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "மேகத்துல மெத்தை போட்டுப் படுத்த மாதிரி இல்லே?"

"கெணத்து மோட்டாரு காத்து இழுத்தா இப்படித்தான் கத்தும். இதைக் கேக்க ரயிலேறி வரணுமா?" என்றார் அம்மா.

வாசலில் சைக்கிளை நிறுத்திய பால்காரர் எட்டிப் பார்த்தார். "டேப்பு சிக்கிக்கிச்சுங்களா? தலையில ஒரு தட்டு தட்டுங்க, சரியாப் போயிரும்."

சமையலறையில் இருந்த சித்தி, சத்தம் கேட்டதும் குடத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனார். கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். குடம் காலியாகவே இருந்தது.

நானோ வாசற்படிப் பக்கம் நகர்ந்துவிட்டேன். யாரோ ஒருவர் எங்கள் வீட்டைப் பார்த்து நடந்து வந்துகொண்டே இருக்கிறார், ஆனால் வந்து சேரமாட்டேன் என்கிறார், அப்படி இருந்தது அந்தச் சத்தம். யாரைக் கூட்டிப்போக வருகிறார் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அம்மாவும் மாமாவும் டீ போட உள்ளே போனார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து காவல் காத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அப்பாவின் கண் மூடியிருக்கிறது. வாய் பிளந்திருக்கிறது. ஒரு கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்குகிறது. கால் உதைக்கவில்லை. தூங்கினால் அப்பா எப்படி இருப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பிணம் எப்படி இருக்கும் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"ஐயோ, அப்பா செத்துட்டாரு!" என்று கத்திக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினேன். ஓடும்போது கால்சட்டை அவிழ்ந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் விட்டுவிட்டாலும், பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

நான் திரும்பி வருவதற்குள் முன்னறை நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை முடியை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு தொடங்கியிருந்தார். மாமா டீ டம்ளரோடு சுவரில் சாய்ந்து நின்றார். அம்மா நிலைப்படியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்குக் கிட்டே போக ஒருவருக்கும் தைரியம் இல்லை. இத்தனைக்கும் நடுவே அந்தக் கேசட் தன்பாட்டுக்குத் தும்ம் தும்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தி வந்தார். நேராகக் கட்டிலருகே போய், குனிந்து, புறங்கையை அப்பாவின் மூக்குக்குக் கீழே பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. மாமா தூங்கறாரு."

அத்தை நின்ற இடத்திலேயே மூச்சை முழுங்கினார். "அடப்பாவி, நான் பாதி தூரம் போயிட்டனேடா!" என்று கிசுகிசுத்தபடி என் மண்டையில் ஒன்று வைத்தார்.

அந்த நேரம் பார்த்து, டக். கேசட் முடிந்து பொத்தான் எகிறியது. அப்பாவின் தொங்கிய கை துள்ளியது. வலது கால் பிரேக்கைத் தேடிப் போர்வையை உதைத்தது. இமைகள் நடுங்கின. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் அசையவில்லை.

சித்தி டேப் ரிக்கார்டரை அதற்கு முன்னால் தொட்டதுகூட இல்லை. ஸ்டூலுக்குக் கிட்டே தரையில் உட்கார்ந்தார். தடவித் தடவி மூடியைத் திறந்தார், கேசட்டை வெளியே எடுத்தார், திருப்பிப் போட்டார், அமுக்கினார். தும்ம், தும்ம், தும்ம். அப்பாவின் கால் மெல்ல ஓய்ந்தது. விளக்கு வைக்கும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

"மேட்டுல மூணாவது கியர் போட்டு ஏறுற வண்டி மாதிரியே இருக்குதுடா" என்று எழுந்ததும் அப்பா மாமாவிடம் சொன்னார். "நம்ம வண்டிதான்." சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி புழக்கடைக்குப் போனார். மாமா டேப்பை விட்டுவிட்டு ரயிலேறினார்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் அப்பா தூங்கினார். கேசட் போடுவது சித்தியின் வேலையாயிற்று. அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே தலையிடி. நானோ வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் போய்விடுவேன். சித்தி மட்டும் முன்னறைத் தரையில், கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். "நீங்க படுங்க மாமா, நான் மாத்திக்கறேன்" என்று நேராகவே சொல்லுவார். என் உத்தியோகம் போயிற்று. டேப்புக்குள் சின்னச் சக்கரங்கள் சுற்றுவதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். இந்த வீட்டில் அந்தச் சங்கீதத்தில் லயித்துப்போனது சித்தி ஒருவர்தான் என்று நான் முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்திலும் அப்படியே பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். சித்தி திரும்பவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு காதிலும் பஞ்சு. தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தார்.

"காது வலிக்குதா சித்தி?"

என் வாயையே பார்த்தார். பிறகு ஒரு பஞ்சை எடுத்தார். "ஆமா சாமி. கொஞ்சம் வலிக்குது."

எனக்கு வேறென்ன வேண்டும்? பூச்சி போயிருக்குமா, சீழ் பிடிக்குமா, சித்தி செவிடாகிவிடுவாரா என்று வரிசையாகப் பயந்துகொண்டு அம்மாவிடம் ஓடினேன். "சித்தி ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சிருக்கு, பூண்டு எண்ணெய் காய்ச்சிக் குடு" என்றேன். அம்மா என்னைப் பார்த்தார், முன்னறைப் பக்கம் பார்த்தார், கரண்டியை அடுப்பில் வைத்தார்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி மறுக்காமல் இரண்டு பஞ்சையும் எடுத்துவிட்டுத் தலையை என் மடியில் சாய்த்தார். ஒரு காதில் எண்ணெய் விட்டேன், திரும்பிக் கொடுத்தார், இன்னொன்றிலும் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து என் முழங்காலை நனைத்தது. எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஆறவிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, குனிந்து காதில் ஊதினேன்.