கல்யாணம் ஆகாத சிப்பாய்

வாரப்பத்திரிகையில் வரும் தொடர்கதையை வீட்டில் சத்தமாகப் படிப்பது என் வேலை. அப்பாவும் அண்ணனும் தறியில் நெய்துகொண்டே கேட்பார்கள். அம்மா பட்டு நூல் இழைத்துக்கொண்டே கேட்பாள். சீனாக்காரனோடு சண்டை வந்துபோன பிறகு, எந்தக் கதையைத் தொட்டாலும் கதாநாயகன் ஏதாவது ஒரு படையில் இருந்தான். எனக்குக் கடற்படைக்காரனைத்தான் பிடிக்கும். கப்பல் மூழ்கினாலும் ஒரு பலகையைப் பிடித்துக் கரையேறிவிடுவான். விமானப்படைக்காரன் கீழே விழுந்து நினைவு தப்பிக் கிடப்பான், நர்ஸ் அழகாக இருப்பாள். தரைப்படைக்காரன் பாடுதான் திண்டாட்டம். அவனுக்குப் பெண் நிச்சயமானால் தீர்ந்தது, கடைசி வாரத்தில் செத்துப்போவான்.

அண்ணன் ஒருநாள் மெட்ராசுக்குப் போய்த் தரைப்படையில் சேர்ந்துவிட்டு வந்தான். அம்மா அழவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, கல்யாணம் ஆவாத சிப்பாய் எவனாவது கதையில செத்தானா?"

யோசித்துப் பார்த்தேன். "ஒருத்தனும் இல்லம்மா. கையோ காலோ போவும், அவ்ளோதான்."

"அது போதும்."

அதன் பிறகு அண்ணனுக்கு வந்த வரன்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஐயம்பேட்டையில் அருமையான இடம் ஒன்று வந்தது. அதற்கும் தலையாட்டவில்லை. "பென்ஷன் வாங்கிக்கினு வரட்டும், பார்க்கலாம்" என்றாள்.

"அதுக்குள்ள அவனுக்கு வழுக்கை விழுந்துடும்டி" என்றார் அப்பா.

"வழுக்கையோட வரட்டும்."

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. தெருப் பெண்கள் வந்து அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "அவனுக்குத்தான் கல்யாணம் ஆவலியே" என்றாள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் தினமும் தபால்காரர் வரும்வரை வாசலில் நின்றேன். கதை எழுதுகிறவர்களை நான் அவ்வளவாக நம்பியதில்லை.

சண்டை ஓய்ந்து, மாசி மாதத்தில் அண்ணன் வந்தான். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. பின்னால் ஒரு பெண் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். கழுத்தில் தாலி.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டாள். "எப்படா கட்டின?"

"போன வைகாசிலம்மா. சொன்னா திட்டுவியேன்னுதான்..."

"வைகாசியா? தாலி கட்டிட்டுதான் சண்டைக்குப் போனியா?"

"ஆமாம்மா."

அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, அவன் காலைக் கட்டிக்கொண்டு, "ஐயோ, என் புள்ள போயிட்டிருப்பானே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தறியிலிருந்து எழுந்து ஓடிவந்து, "யாரும்மா செத்துட்டாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"யாரும் இல்லீங்க. அண்ணன் வந்திருக்குது" என்றேன்.