சுவரில் சிரித்த மகள்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் அப்டன் பார்க்கில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே இருந்த சுவரில் ஓர் அமெரிக்கப் பெண்மணி படம் வரைந்துகொண்டிருந்தார். தன் ஊரில் இருபது வருடம் காகிதத்தில் நீர்வண்ணம் மட்டுமே தீட்டியவராம். ஒரு பள்ளிக்கூடம் தன் சுவரைக் கொடுத்த பிறகுதான் பெரிதாக வரையக் கை துணிந்தது என்பார். சுவரில் பிழை விட்டால் மேலே பூசிவிடலாம். காகிதத்தில் வண்ணம் ஊறினால் ஊறியதுதான். அதனால் முடித்த நீர்வண்ணப் படத்தை அவர் திரும்பத் தொடவே மாட்டார்.

ஏழு மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குத் தேநீர் கொண்டுபோவேன். ஒருநாள் அவளைச் சின்னக் காகிதம் ஒன்றில் வரைந்தார். அடுத்த வாரம் அவள் பஸ் உயரத்துக்குச் சுவரில் சிரித்தாள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. தெருவே நின்று பார்த்தது.

மூன்றாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். காதில் கிருமி என்று டாக்டர் மருந்து தந்தார். மருந்தும் கொடுத்தேன், நாவூறுக்குக் கன்னத்தில் பொட்டும் வைத்தேன். ஆனால் ஊர்க்கண் முழுக்கச் சுவரில் இருந்தவள் மேல் அல்லவா? அவருடைய ஏணி எங்கள் படிக்கட்டின் கீழ்தான் இருக்கும். விடிந்ததும் அதில் ஏறி, அந்தக் கன்னத்திலும் உள்ளங்கை அகலத்துக்குக் கண்மையை அப்பினேன்.

கணவர் தலையில் கை வைத்தார்.

"உமக்கென்ன விசரே? நாளைக்குத் திறப்பு விழா. கவுன்சில் ஆக்கள் வருகினம்."

"பிள்ளைக்குக் காய்ச்சலப்பா. நான் வேற என்ன செய்யிறது?"

பிறகுதான் பயம் பிடித்தது. ஒரு மனுஷியின் மூன்று மாத உழைப்பில் கரி பூசியிருக்கிறேன். அவர் வந்ததும் ஓடிப்போய் அரைகுறை இங்கிலிஷில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"இது மழைக்குக் கரைந்துவிடுமே" என்றார்.

பிறகு என் தோளில் கிடந்த பிள்ளையின் கன்னத்தைப் பார்த்து, எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று விசாரித்து, கறுப்பு வண்ணம் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று பின்னேரம் காய்ச்சலும் விட்டது. மருந்தாலா பொட்டாலா என்று கணவர் சீண்டினார். எதால் என்றால் என்ன, விட்டதே.

தொண்ணூறுகளில் அந்தச் சுவரை இடித்தார்கள். அமெரிக்கா திரும்பியிருந்த அவருக்கு எழுதிப் போட்டேன். பதிலுக்குத் தட்டையான ஒரு பார்சல் வந்தது. உள்ளே, மகளை முதன்முதலில் வரைந்த அந்தச் சின்னக் காகிதம். அதன் கன்னத்தில் புதிதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்திருந்தார்.