ஜெபத்துல குத்திக்காட்டாத புஷ்பவல்லி

எனக்கு என் பொண்டாட்டி மேலயும் கோவம், சபைக்காரங்க மேலயும் கோவம். ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

என் பேரு செல்லக்கண்ணு. பெரம்பலூர்ல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். என் பொண்டாட்டி புஷ்பவல்லி கீழப்பழுவூர்க்காரி. அடுத்தவங்க காட்டுல களையெடுத்துப் பொழச்ச குடும்பம். இப்ப வூட்டுலயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விக்கிறா. எல்லாம் இருக்கு, வாய்தான் கெடையாது. மாவு புளிச்சுப்போச்சுன்னு சொல்லி, தின்னு தீர்த்த வெறும் பாத்திரத்தக் கொண்டாந்து ஒருத்தி காட்டுறா. இவ அதுலயே வேற மாவு ஊத்திக் குடுத்தனுப்புறா. அன்னிக்கு நான் கத்துன கத்துல தெருவே வெளிய வந்துடுச்சு. இவ பாட்டுக்கு அடுத்த ஈடு அரிசியக் களைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் நாங்க விசுவாசத்துக்கு வந்தோம். அரியலூர் ரோட்டுல தகர ஷெட்டு போட்ட சபை எங்களுது. நல்ல ஜனங்கதான், இல்லேங்கல. யாராச்சும் ஆஸ்பத்திரியில கெடந்தா கஞ்சியக் காய்ச்சி எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. ஆனா சனிக்கிழமை சந்திப்புன்னு ஒண்ணு இருக்கே, அத நெனச்சாலே எனக்கு எரியும். ஒருத்தர் கொஞ்ச நாள் சபைக்கு வரலன்னா, பாஸ்டரம்மா நாலு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு அவங்க வூட்டுக்கே போயி ஜெபம் பண்ணுவாங்க. வண்டி என்னுது. அதனால நானும் போயி நிக்கணும்.

ஆலத்தியூர்ல சாந்தான்னு ஒரு பொண்ணு. புருஷன் அமிர்தலிங்கம், சிமெண்ட் ஆலையில காண்ட்ராக்ட் வேல. ஏழாம் மாசத்துல அவளுக்கு வயித்துலயே கொழந்த போயிடுச்சு. அதுக்கப்புறம் சபைப் பக்கமே வரல. கெளம்புச்சு சந்திப்பு.

போயி உக்காந்தாங்க. பாஸ்டரம்மா எப்படிம்மா இருக்கன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க, நேரா ஜெபம். "அப்பா, ஆராதனைய விட்டுட்டு வூட்டுல முடங்கிக் கெடக்குற இந்த மகளோட கண்ணத் தெறங்கப்பா! இந்த வூட்டுல மறைவான பாவம் ஏதாச்சும் இருந்தா வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்கப்பா!"

கேட்டீங்களா? மொகத்துக்கு நேரா சொன்னா பதிலுக்கு ரெண்டு கேக்கலாம். கண்ண மூடிக்கிட்டு ஆண்டவர்கிட்ட சொல்ற மாதிரி சொன்னா என்னத்தக் கேக்குறது? போதாக்கொறைக்கு கடைசியில அவளே ஆமென் சொல்லணும். பாவம், அவளும் சுவத்தப் பாத்துக்கிட்டே சொன்னா.

வூடு திரும்புனதும் புஷ்பவல்லிகிட்ட எகிறுனேன். "நீயும் அங்கதான உக்காந்திருந்த? போதும்மான்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"சண்ட போட்டா அவ வூட்டுலதான போடணும்? அவளால அதத் தாங்க முடியாதுங்க" அப்படின்னா.

அதுக்கப்புறம் இவ தனியா போக ஆரம்பிச்சா. தூக்குல மாவ எடுத்துக்கிட்டு, மத்தியானம் பஸ்ஸப் புடிச்சு. மொத நாள் வந்ததும் ஆவலா கேட்டேன், என்ன ஜெபம் பண்ணுனன்னு.

"ஜெபம் பண்ணலங்க. தல சடையா கெடந்துச்சு. எண்ணெ வெச்சு சிக்கெடுத்து வாரிவுட்டேன்."

"சபைக்கு வரேன்னாளா?"

"கேக்கலயே."

எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. அவங்க வாய மூட மாட்டேங்குறாங்க, இவ வாயத் தெறக்க மாட்டேங்குறா. நடுவுல அந்தப் பொண்ணு கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருக்கு. அமிர்தலிங்கம் எங்கிட்டயே சொன்னான், "அண்ணே, நான் வேலைக்குப் போயிட்டா அவ அடுப்பக்கூட பத்த வெக்கிறதில்ல, தனியா வுட்டுட்டுப் போகவே பயமா இருக்கு"ன்னு. புஷ்பவல்லி போற அன்னிக்கு மட்டும் சாந்தா ரெண்டு தோச சுட்டுச் சாப்புடுவாளாம்.

பாஸ்டரம்மாவும் இவளக் கேட்டாங்க. "சகோதரி எப்ப வராங்களாம்?"

"தெரியலைங்கம்மா."

"அப்புறம் எதுக்குத்தான் போயிட்டு வரீங்க?"

"சும்மாதாங்கம்மா."

அந்த ஞாயித்துக்கெழமையே ஜெபத்துல போட்டாங்க ஒரு போடு. "அப்பா, வெதுவெதுப்பா இருந்துக்கிட்டு மத்தவங்களையும் ஆறிப்போக வெக்கிற மகள்கள அனலாக்குங்கப்பா!" சபைக்கே தெரியும் யாருக்குன்னு. இந்த மகராசி என்ன பண்ணுனா தெரியுமா? எல்லாரையும் வுட சத்தமா ஆமென் போட்டா. வெவரம் தெரிஞ்சு போட்டாளா, தெரியாம போட்டாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, யாரும் கூப்புடாம சாந்தாவே வந்தா. தலைய வழிச்சு வாரியிருந்தா. கடைசியில, வாசல ஒட்டி உக்காந்தா. புஷ்பவல்லி எழுந்து போயி பக்கத்துல உக்காந்துக்கிட்டா, அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இன்னிக்கு மட்டும் எல்லாரும் சும்மா இருந்துட்டா போதும் சாமின்னு வேண்டிக்கிட்டேன்.

இருப்பாங்களா? பாஸ்டரம்மா மைக்கப் புடிச்சுட்டாங்க. "அல்லேலூயா! காணாமப் போன ஆடு திரும்பி வந்திருக்கு! சகோதரி சாந்தா, முன்னாடி வாங்க. விசுவாசத்துலேர்ந்து பின்மாறிப் போனதுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு சாட்சி சொல்லுங்க."

எல்லாரும் கை தட்டுறாங்க. சாந்தா எழுந்தா, வாசல்ல செருப்ப மாட்டுனா, போயே போயிட்டா. புஷ்பவல்லி பைபிள மூடி பாயில வெச்சுட்டு அவ பின்னாடியே போயிட்டா. அடுத்தது திருவிருந்து, அப்பமும் ரசமும் குடுக்குற நேரம். இவ ஒரு தடவகூட அதத் தவற வுட்டதில்ல. பாஸ்டர் என்னப் பாத்து, போயி கூட்டிட்டு வாங்கன்னு சைகை காட்டுனாரு.

போனேன். எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. இத்தன நாள் பாடுபட்டது ஒரு நிமிஷத்துல நாசமா போச்சேன்னு வெறி எனக்கு. வாயத் தெறக்கப் போனேன், அதுக்குள்ள சாந்தா பேசுனா.

"எல்லாரும் என் பாவத்தத்தான் தேடுனாங்கக்கா. கொழந்தைய ஒருத்தரும் கேக்கல."

"எங்கிட்ட சொல்லும்மா" அப்படின்னா புஷ்பவல்லி.

"பொம்பளப் புள்ளக்கா. அப்படியே அவரு மூக்கு. ஆஸ்பத்திரியில ஒரே ஒரு தடவதான் காட்டுனாங்க. ஜெமிமான்னு பேரு வெச்சிருந்தேன். வெளிய யாருக்கும் தெரியாது."

சொல்லிட்டு அழுதா பாருங்க, ரோட்டுல போற சுண்ணாம்புக்கல் லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. ஆலத்தியூர் பஸ் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் அசையல. கண்டக்டர் பாத்துட்டு விசிலக் குடுத்தாரு, அது போயிடுச்சு.

பாஸ்டரம்மா சபை வாசல்லேர்ந்து கூப்புட்டாங்க. "புஷ்பவல்லி! திருவிருந்து எடுக்கப் போறோம், வாங்க!"

இவ வாய்தான் ஊமையாச்சே, நான் கத்துனேன். "நீங்க நடத்துங்கம்மா! நாங்க இங்க ஜெமிமாவப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்!"

"ஜெமிமாவா? யாரது?"

நான் சொல்றதுக்கு முன்ன சாந்தா எழுந்து நின்னு மொகத்தத் தொடைச்சா.

"என் பொண்ணுங்கம்மா" அப்படின்னா.