தோரணக் கயிறு

இலங்கையில் பதுளைக்கு மேலே, நான் கங்காணியாக இருந்த தேயிலைத் தோட்டத்தில், பெரியதுரைக்கு அடுத்த வெள்ளைக்காரரான சின்னத்துரை ஒருவர் ஆகாயக் கப்பல் கட்டினார். மோட்டார் சைக்கிள் எஞ்சின், மூங்கில், பதுளைக் கடையில் வாங்கிய துணி, அவ்வளவுதான். சட்டங்களைச் சீவி, ஒவ்வொரு இணைப்பையும் நூல் சுற்றிக் கட்டியவர் எங்கள் கூலி லயத்து ஆசாரி. எட்டு மாதம் அதிலேயே கிடந்தார். நான் பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணியதோடு சரி, ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

பறக்கும் நாளுக்கு முந்தின மாலை சின்னத்துரை என்னைக் கூப்பிட்டு, புல்வெளியில் கல், முளை, மாடு எதுவும் இருக்கக்கூடாது என்றார். தலையாட்டினேன். ஆனால் மனம் கேட்கவில்லை. பெரியதுரை சீமைக்குப் போய்த் திரும்பினாலே தோரணம் கட்டி மாலை போடுவது எங்கள் வழக்கம். ஆகாயத்திலிருந்து இறங்குகிற துரைக்கு ஒன்றும் இல்லையா? உண்மையைச் சொன்னால், மற்ற கங்காணிகள் பார்க்க முதல் மாலையை நான் போட வேண்டும் என்ற ஆசைதான். விடிந்ததும் என் ஆட்கள் இருவரை வைத்துப் புல்வெளியின் கீழ்க்கோடியில் இரண்டு மூங்கில் நட்டு, மாவிலைத் தோரணத்தை நார்க்கயிற்றில் கட்டினேன். கப்பல் காக்கை மாதிரி நடுவில் வந்து உட்காரும், துரை நடந்து தோரணத்தடிக்கு வருவார் என்பது என் நினைப்பு.

சனமெல்லாம் மேட்டில் நின்றது. கீழ்க்கோடியில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. கப்பல் எழும்பியபோது தோட்டமே கூச்சல் போட்டது. ஒரு சுற்று சுற்றித் திரும்பி, தாழ்ந்து, நேராக என் பக்கமே இறங்கி வந்தது. மாலையும் கையுமாக நின்றேன். சக்கரம் கயிற்றில் மாட்டியது. மூக்குக் குத்திக் கவிழ்ந்தது.

ஓடினேன். சின்னத்துரை சிறகுக்கடியில் காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். நான் அவரைத் தொடவில்லை. இடுப்புக் கத்தியால் சக்கரத்தில் சுற்றியிருந்த கயிற்றை அறுத்து, மாவிலையோடு சுருட்டிக் கோட்டுக்குள் திணித்தேன். என் ஆட்கள் மூங்கிலைப் பிடுங்கி எறிந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவரைத் தூக்கினேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

பெரியதுரை வந்து முறிந்த சிறகைப் பார்த்தார். ஆசாரியின் கட்டு விட்டுவிட்டது என்றார். என் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். முதலில் ஓடிவந்தவன் என்று சின்னத்துரை என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த வாரமே ஆசாரிக்குப் பற்றுச்சீட்டு எழுதிவிட்டார்கள். அது கைக்கு வந்தால் தோட்டத்தை விட்டுப் போக வேண்டியதுதான்.

போகிற அன்று ஆசாரி பெஞ்சாதியை வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

"போய்ட்டு வாரேங்க. கட்டுன ஒவ்வொரு கட்டையும் மனசுக்குள்ள அவுத்து அவுத்துப் பாக்குறேன், எது விட்டுச்சுன்னு தெரியலைங்க. நீங்கதானே மொதல்ல ஓடுனீங்க, எந்தக் கட்டுங்க? தெரிஞ்சா அடுத்த எடத்துல அந்தத் தப்பு பண்ணாம இருப்பேன்."

கயிறு என் பெட்டிக்குள் இருந்தது. இரண்டடி தூரம்கூட இல்லை.

"எடது பக்கம். சக்கரத்துக்கு மேல இருந்தது" என்றேன்.

ஆசாரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"ஆமாங்க. நானும் அதைத்தான் நெனச்சேன்" என்றார்.