இடது கையால் பேசியவர்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். கையெழுத்தும் கோணல், ஞாபகமும் மோசம். நேற்று வைத்த சாவியை இன்றைக்குத் தேடுகிறவள் நான். முன்னே பின்னே இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் காலையில் காப்பி குடித்துக்கொண்டு பேசுவாரே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வாய்ப்பேச்சு போன பிறகும் அவர் பேசினார்.

ஆரணியில் நாங்கள் பட்டுத்தறி நெய்கிறவர்கள். தறியை விட்டால் அவருக்குக் காலைப் பேச்சுதான். காப்பி இறக்கும் நேரத்துக்கு இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர், வந்தவாசி ரூட்டிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். இன்னொருவர் அடுத்த தெருவில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர், வயதில் சின்னவர், விரல் நகமெல்லாம் எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். கண்டக்டர் பேப்பரை விரித்துச் சத்தமாகப் படிப்பார். இவர், என் வீட்டுக்காரர், ஒவ்வொன்றுக்கும் ஒரு அபிப்பிராயம் சொல்வார்.

கம்ப்யூட்டர் வந்தால் எல்லாருக்கும் வேலை போய்விடும் என்று கண்டக்டர் சொல்வார். நீ எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்ததைவிட அது சுத்தமாகக் கிழிக்கும், வரட்டும் என்பார் இவர். மறுநாள் சாயக்காரர் வந்து கம்ப்யூட்டர் நல்லதுதான் என்றால், அதைவிடக் கெட்டது உலகத்திலேயே இல்லை என்று அவரிடம் மல்லுக்கு நிற்பார். யாராவது எதிர்த்துப் பேசாவிட்டால் இவருக்குக் காப்பி தொண்டையில் இறங்காது. தெருவில் போன் பூத் வைத்தபோது, கேபிள் இழுத்தபோது, ஆட்சி மாறினபோது, காப்பித்தூளில் சிக்கரி கூடிப்போனபோது, எல்லாவற்றுக்கும் இப்படித்தான் நடந்தது.

நான் அடுப்படி வாசலில் இருந்து டம்ளரை நீட்டுவேன், காலி டம்ளரை வாங்கிக்கொள்வேன். ஆண்கள் பேசுகிற இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொல்லைப் பக்கம் ஓடியிருப்பேன்.

செல்போன் எங்கள் தெருவுக்கு வந்த புதிதில் அவருக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. எல்லாம் அவருக்குப் புரியும், சொல்லத்தான் வராது என்று வேலூரில் டாக்டர் சொன்னார். வீட்டுக்குக் கூட்டிவந்து கூடத்தில் கட்டில் போட்டேன். மருந்து, மாத்திரை, தறி நின்றுபோனது எல்லாமே கவலைதான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை வேறு. இனிமேல் காலையில் அந்த இரண்டு பேரும் வராமல் நின்றுவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்பதுதான்.

வந்தார்கள். முதலில் சில நாள் செவிடரிடம் பேசுவதுபோல் கத்திப் பேசினார்கள். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இவர் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

ஒரு நாள் கண்டக்டர் புது செல்போனோடு வந்தார். நம்ம பக்கத்துச் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே மெட்ராசில் இருக்கும் மகனோடு பேசிவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அப்போது இவர் இடது கையைத் தூக்கி, இரண்டு விரலைக் கத்தரிபோல் வைத்து வெட்டிக் காட்டினார்.

அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தறி ஓடும்போது மேலே இருக்கிற, பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி போடும் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. கூட இருந்து நெய்கிறவளுக்குக் கை ஜாடைதான். இரண்டு விரலால் வெட்டினால் இழை அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. மூடின விரல்களை விரித்துக் காட்டினால் தார் தீர்ந்துவிட்டது, அதாவது குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் இருக்கும் சின்னக் குச்சியில் சுற்றின நூல் காலி, அடுத்ததைக் கொடு. கல்யாணமானதிலிருந்து அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் வேலை செய்தேன்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று கண்டக்டர் என் பக்கம் திரும்பினார்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னேன். "அதுவும் நூல் மாரிதானாம். அறுந்துகினே இருக்குமாம்."

சாயக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கரெக்டா சொன்னண்ணா. நேத்து பேசிகினு இருக்கும்போதே கட்டாயிப்போச்சு, நம்ம கண்டக்டரு செல்லுகூட சண்ட போட்டுகினு நின்னாரு."

இவரும் சிரித்தார், வாயின் ஒரு பக்கத்தால். எச்சில் வழிந்தது. அவர்கள் போகிறவரைக்கும் நான் அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் நோயாளி ஆகிவிடுவார் என்று தோன்றியது.

அதிலிருந்து கொஞ்ச காலம் நன்றாகவே போனது. கண்டக்டர் படிப்பார், இவர் கை ஆடும், நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வேன். ஒரே ஜாடைக்குப் பல அர்த்தம் வரும். மந்திரி பேச்சுக்கு உள்ளங்கையைக் கவிழ்த்தால் வாயை மூடச் சொல், விலைவாசிக்குக் கவிழ்த்தால் போதும் நிறுத்தச் சொல். "அண்ணி, இது அண்ணன் சொன்னதா, உங்க கட்சியா?" என்று சாயக்காரர் ஒரு நாள் கிண்டல் செய்தார். நான் உள்ளே போய்விட்டேன். ஆனாலும் மறுநாள் நிலைப்படிக்கு வந்தேன்.

பிறகு மகன் மெட்ராசில் இருந்து பெரிய கலர் டிவி கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரில் வைத்தான். நாள் பூராவும் நியூஸ் வரும், அப்பாவுக்குப் பொழுது போகும் என்றான். நல்ல மனசோடுதான் செய்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் டிவி வந்ததும் இரண்டு பேரும் நாற்காலியை அதன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கட்டில் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. டிவியில் ஒருவர் சொல்வதற்கு டிவியிலேயே இன்னொருவர் எதிர்த்துப் பேசுகிறார், இவர்கள் எதற்கு? கையைத் தூக்கினாலும் பார்க்க ஆள் இல்லை. கீழே ஓடுகிற எழுத்தை என்னாலும் படிக்க முடியாது, எழுத்துக் கூட்டுவதற்குள் ஓடிவிடும்.

அப்போதுதான் அவர் விரல்களை விரித்து விரித்துக் காட்டத் தொடங்கினார். தார் தீர்ந்துவிட்டது. நான் பார்த்தேன், டம்ளர் காலியாக இருந்தது. இன்னொரு காப்பி கேட்கிறார் என்று நினைத்துக் கொண்டுபோனேன். தள்ளிவிட்டார். மறுபடி விரித்தார். சர்க்கரை பத்தவில்லையோ என்று இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கொண்டுபோனேன். தட்டிவிட்டதில் வேட்டியெல்லாம் காப்பி. எத்தனையோ காலை இப்படி நடந்தது. நோயில் முன்கோபம் வந்துவிட்டது என்று கண்டக்டர் என்னைச் சமாதானப்படுத்தினார். நானும் நம்பினேன்.

ஒரு நாள் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கூடம் சட்டென்று அமைதியானது. இவர் விரல்களை விரித்தார். கண் டம்ளரில் இல்லை, என்மேலும் இல்லை. கண்டக்டரைப் பார்த்து விரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூல் கேட்கிறார். பேச ஏதாவது எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார்.

ஜாடை பார்க்காமல் நானாக அவர்களிடம் பேசியது அன்றைக்குத்தான். "அண்ணா, பேப்பர படிங்களேன். அவரு ஏதாச்சும் சொல்லுவாரு."

"பேப்பரு எங்கம்மா வாங்குறேன்? எல்லாம் நேத்தே டிவில வந்துடுதே," என்றார் கண்டக்டர். மோசமான மனிதர் இல்லை. சங்கடத்தோடு இவர் கையைத் தட்டிக்கொடுத்தார். கரண்ட் வந்தது. மறுபடி நாற்காலி திரும்பியது.

கொஞ்ச நாளில் கண்டக்டர் வீட்டிலும் அதேபோல் பெரிய டிவி வாங்கினார்கள். வருவது குறைந்து, பிறகு நல்ல நாள் கெட்ட நாளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. சாயக்காரருக்குப் பட்டறைப் புகையில் இருமல் முற்றி, பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பேப்பர் வாங்க ஆரம்பித்தேன். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவர் கை ஏதாவது சொல்லும். ஆமாங்க, சரிதாங்க என்பேன். இத்தனை வருஷம் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். இரண்டு செய்திக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். எனக்குத் தெரியும், அவருக்கு எதிர்க்கட்சி வேண்டும். நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்?

ஒரு நாள், இனி பாங்கிக்குள் போக வேண்டாம், வாசலில் இருக்கும் மெஷினே பணம் கொடுக்கும் என்று ஏதோ படித்தேன். அவர் கையைக் கவிழ்த்தார். என்ன தைரியமோ, "அதுல இன்னா தப்பு?" என்றேன். "பாங்கில போயி மனுசங்க முன்னாடி நிக்கறதுக்கு மெஷினு முன்னாடி நிக்கலாம். அது மூஞ்சிய சுளிக்காது."

திரும்பிப் பார்த்தார். முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். நானும் விடவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. நான் சொன்னது சண்டைக்காகச் சொன்னதில்லை, நிஜமாகவே என் எண்ணம் அதுதான்.

அப்படிச் சில காலைகள்தான் கிடைத்தன. மழைக்காலத்தில் மறுபடி அடித்து இடது கையும் அடங்கிவிட்டது. அதற்கப்புறமும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன சொல்வார் என்று நினைத்து, அதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பார்த்தேன். கண் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் மூடிக்கொண்டது. தை பிறப்பதற்கு முன்னால் போய்விட்டார்.

எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் வருகிறது. டிவி வந்த பிறகுதான் கண்டக்டர் பேப்பரை நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பே நிறுத்திவிட்டு, எங்கள் வருத்தத்துக்குப் பயந்து பழைய பேப்பரையே கொண்டுவந்து படித்தாரோ என்றும் ஒரு ஞாபகம். டிவியின் மேல் வீணாகப் பழி போட எனக்கு விருப்பமில்லை. கண்டக்டர் இப்போது இல்லை. அவர் வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தெருப் பக்கம் போகிறவர்கள் யாராவது கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். நேரில் போய்க் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.