மேசையில் விழுந்த முன்பல்

வாய்க்குள் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி ஒரு ருசி... இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு மேலண்ணத்தைத் தடவிப் பார்க்கிறது.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. தக்கலையில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்ததில் மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ. நாலு பேர் முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மூன்று வருடமாகக் காத்திருந்த வேலை!

பல் டாக்டர் மூன்று வழி சொன்னார். எலும்பில் ஸ்க்ரூ வைத்து இம்பிளான்ட்... மாசக்கணக்கில் ஆகும். பக்கத்துப் பல் இரண்டையும் அராவி பிரிட்ஜ்... நல்ல பல்லை அராவ எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் இருந்தது, தகடும் கம்பியுமாகக் கழற்றி மாட்டும் பல்.

"புதுசுல லேசா ஆடும். பேசிப் பேசித்தான் பழகணும்" என்றார்.

பழக எனக்கு இருந்தது ஒரே நாள்.

"ஏட்டி, சிரிச்சிராத. சிரிச்சா கம்பி தெரியும்" என்று அக்கா வேறு பயமுறுத்தினாள்.

எனக்குக் கொடுத்தது இரண்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஹெட்மிஸ்ட்ரஸும் கரஸ்பாண்டன்ட் சாரும். சார் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. "அந்த கேண்டிடேட்டை வரச் சொல்லுங்க" என்றார்.

பாடம் என்ன தெரியுமா? தவளை! 'த' சொல்லும்போதெல்லாம் நாக்கு போய் அந்தப் பல்லைத்தான் இடிக்கும். வேறு பிராணியே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

"தவளை தத்தித் தத்தி..."

பல் ஆடியது. நாக்கால் அழுத்திப் பிடித்தேன். போர்டு பக்கம் திரும்பி தவளை வரைந்தேன். எவ்வளவு நேரம்தான் வரைவது? திரும்பினேன்.

"தண்ணிக்குள்ள தாவி..."

டொக்.

மேசையில் கிடந்தது. ரோஸ் கலர் தகடும், அதில் ஒற்றைப் பல்லும்.

சார் எழுந்துவிட்டார். வேலை போச்சு... வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

முதல் பெஞ்சில் ஒரு சின்னப் பிள்ளை. அவளுக்கு முன்பல் இரண்டுமே இல்லை.

"ஏலே, டீச்சருக்கும் பல்லு விழுந்துட்டு!"

"எனக்கும் டீச்சர்!" "எனக்கு ரெண்டு!" என்று வகுப்பே வாயைத் திறந்து காட்டியது.

"கூரைக்கு மேல எறிங்க டீச்சர், புதுசு முளைக்கும்" என்றாள் அவள்.

பொத்தியிருந்த கையை எடுத்தேன்.

"எனக்கு இனி முளைக்காது மக்கா. அதான் டாக்டர் ஒண்ணு செஞ்சு தந்திருக்காரு."

பாட்டில் தண்ணீரில் கழுவி, அத்தனை பேர் முன்னாலும் மாட்டினேன். தவளையைத் தண்ணீருக்குள் தாவவிட்டுத்தான் பாடத்தை முடித்தேன்.

வெளியே வரும்போது சார் சொன்னார்: "திங்கக்கிழமை வந்திருங்க, டீச்சர்."

டீச்சர் என்றார்!

அதற்குப் பிறகு பல வருடம், பல் விழுந்து அழும் பிள்ளைகளுக்கெல்லாம் என் பல்லைக் கழற்றிக் காட்டுவேன். அழுகை அப்படியே நின்றுவிடும்.

இப்போது இம்பிளான்ட் வைத்தாயிற்று. கரும்பு கடிக்கலாம். பொய்ப்பல் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

போன வாரம் ஒருவன் பல் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். கிட்டப் போய்க் குனிந்தேன். கழற்றிக் காட்டின பழக்கத்தில் நாக்கு அந்தப் பல்லைத் தள்ளிப் பார்த்தது...

அது அசையவில்லை.